ஃப்ளோரைடு இல்லாத டூத்பேஸ்ட்தான் நல்லதா? வீட்டுக்கு எந்தப் பேஸ்ட் வாங்கலாம்?

ஃப்ளோரைடு உடம்புக்குக் கெடுதல், அது இல்லாத பேஸ்டாக வாங்குங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல் டாக்டர் இல்லை. தருமபுரி மாவட்டத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். "அண்ணா, ஃப்ளோரைடு இல்லாததா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடலாம், எனக்கென்ன நஷ்டம்? ஆனாலும் கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் இரண்டு வார்த்தை பேசாமல் அனுப்புவதில்லை.

முதலில் பதில்: பெரியவர்களுக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) ஃப்ளோரைடு உள்ள எந்தப் பேஸ்டும் சரி. அதற்குமேல் கம்பெனி, வாசனை, நிறம் எல்லாம் உங்கள் விருப்பம்.

பயம் ஏன் வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஃப்ளோரைடு என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முன்பல்லில் குறுக்கே காவிக் கோடு, சிலருக்குப் பல் முழுக்கப் பழுப்பு, அங்கங்கே குழி. எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது மேலே படிந்த கறையே இல்லை. பல் உருவாகும் வயதிலேயே எனாமலுக்குள், அதாவது பல்லின் கெட்டியான மேல் ஓட்டுக்குள், ஏற்பட்ட கோளாறு. வயதானவர்களில் சிலருக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போய், குனிந்தால் நிமிர முடியாது. காரணம் பாறைக்குள்ளிருந்து ஃப்ளோரைடு கரைந்து வரும் போர்வெல் தண்ணீர். இதற்காகத்தான் ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013-இல் திறந்த அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்பு தணிப்பு' என்று இருக்கிறது. ஃப்ளோரோசிஸ் என்பது நான் மேலே சொன்ன இந்தப் பல், எலும்புக் கோளாறுதான்.

ஆக, ஃப்ளோரைடு கெடுதல் செய்யும் என்பது பொய் இல்லை. எவ்வளவு, எந்த வழியாக உள்ளே போகிறது என்பதுதான் விஷயம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டாணி அளவு பேஸ்ட் சுமார் கால் கிராம் இருக்கும். 1000 பிபிஎம் என்றால் அதில் 0.25 மில்லிகிராம் ஃப்ளோரைடு. அதையும் துப்பிவிடுகிறோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. 3 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீரை வெயில் காலத்தில் ஒருவர் மூன்று லிட்டர் குடித்தால் 9 மில்லிகிராம் வயிற்றுக்குள் போகிறது, தினமும், வருடக்கணக்கில். பேஸ்டை மாற்றிவிட்டு அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்?

வாட்ஸப்பில் சுற்றுவதில் பாதி அமெரிக்கச் சண்டை. அங்கே 1945-இல் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் ஊரில் தொடங்கி, பல் சொத்தையைக் குறைக்க நகராட்சித் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு கலந்து வருகிறார்கள். அது தேவையா என்ற விவாதம் இப்போது சூடாக நடக்கிறது, யூட்டா மாநிலம் 2025-இல் தடையே போட்டுவிட்டது. 2024-இல் அந்நாட்டின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீருக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவுக்கும் தொடர்பு தெரிகிறது என்றது. எல்லாமே குடிக்கும் தண்ணீரைப் பற்றிய பேச்சு. நம் ஊரில் தண்ணீரில் யாரும் ஃப்ளோரைடு கலப்பதில்லை, எப்படி எடுப்பது என்றுதான் முழிக்கிறோம். உலக சுகாதார நிறுவனமோ 2021-இல் ஃப்ளோரைடு பேஸ்டை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

சரி, அது பல்லுக்கு என்னதான் செய்கிறது? நாம் தின்னும் இனிப்பையும் மாவுப்பண்டத்தையும் வாயிலுள்ள பாக்டீரியா அமிலமாக்குகிறது. அந்த அமிலம் எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைக்கிறது. எச்சில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தக் கரைப்பும் சேர்ப்பும் நாள் முழுக்க நடக்கும். எச்சிலில் கொஞ்சம் ஃப்ளோரைடு இருந்தால் திரும்பச் சேருவது வேகமாகவும் நடக்கும், சேர்ந்த பரப்பு அமிலத்துக்கு முன்பைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கவும் செய்யும். இந்த வேலை முக்கியமாகப் பல்லின் மேல்பரப்பில் நடப்பதால் விழுங்க வேண்டிய தேவையே இல்லை.

கடையில் வாங்கும்போது முன்பக்கத்துப் படங்களை விட்டுவிடுங்கள். டியூபைத் திருப்பினால் பொடி எழுத்தில் சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் என்றோ சோடியம் ஃப்ளோரைடு என்றோ இருக்கும், பக்கத்தில் பிபிஎம் கணக்கு. (சுண்ணாம்பு வகையான கால்சியம் கார்பனேட் சேர்த்த பேஸ்டில் முதலாவதுதான் வரும். மற்றது கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போய்விடும்.) நம் நாட்டுச் சட்டப்படி 1000 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது, அந்த அளவையும் காலாவதித் தேதியையும் டியூபிலும் அட்டையிலும் அச்சிட வேண்டும். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த டியூபில் 1450 என்று போட்டிருந்தால் பதறாதீர்கள், பல வெளிநாடுகளில் பெரியவர்களுக்கு அதுதான் வழக்கம். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் ஃப்ளோரைடே கிடையாது. கிராம்பு, வேம்பு, புதினா எல்லாம் வாய்க்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடுக்கு இருக்கிற அளவுக்கு ஆதாரம் அவற்றுக்கு இல்லை. டியூபின் அடியில் உள்ள பச்சை, கறுப்புக் கட்டங்களை வைத்து இயற்கையா ரசாயனமா என்று கண்டுபிடிக்கலாம் என்பது சுத்தப் புருடா. டியூபை எங்கே வெட்டி ஒட்டுவது என்று எந்திரத்துக்குக் காட்டும் அடையாளம் அது.

நான் கூடுதலாக எச்சரிப்பது குழந்தைகள் விஷயத்தில் மட்டும்தான். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் அலை அலையாகப் பிதுக்குகிறார்களே, அது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்கான வழி. எட்டு வயது வரை நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகிக்கொண்டிருப்பதால், பழ வாசனைப் பேஸ்டை மிட்டாய் மாதிரி விழுங்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் மாதிரிப் போர்வெல் தண்ணீர் குடிக்கும் வீடாக இருந்தால், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அந்த முடிவோடு பல் டாக்டரைப் பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் குடிக்கிறவர்களுக்குக் கவலை வேறு: ஆர்.ஓ. ஃப்ளோரைடையும் பெருமளவு எடுத்துவிடும். அவர்களுக்குப் பேஸ்டில் இருப்பதுதான் மிச்சம்.

பல் கூச்சம் இருந்தால் பொட்டாசியம் நைட்ரேட் உள்ளது வாங்குங்கள். இரண்டு நாளில் பலன் தெரியாது, சில வாரம் விடாமல் தேய்க்க வேண்டும். பல்லை வெளுப்பாக்கும் கரிப் பேஸ்டுக்கு என் ஓட்டு கிடையாது. அடுப்புக்கரி வைத்துத் தேய்க்காதே என்று பாட்டியைத் திட்டிய வீட்டிலேயே இப்போது அதே கரியை இருநூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள். சொரசொரப்பான பொடி எதுவானாலும் எனாமலைத் தேய்க்கும்.

கடைசியாக ஒன்று, இதற்குக் காசு செலவில்லை. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்புங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் வாஷ்பேசினுக்குப் போய்விடும். வாய் வழவழவென்று இருப்பது பிடிக்கவில்லை என்றால் இரவு தேய்க்கும்போதாவது கொப்பளிக்காமல் விடுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைவாகத்தான் சுரக்கும், அதனால் பல்லில் தங்கிய ஃப்ளோரைடு சீக்கிரம் கழுவிக்கொண்டு போகாது.