படலையோடு நின்ற கரோல் – கடிதமும் பதிலும்

அன்பின் அக்கா,

திருகோணமலை பாலையூற்றில் இருந்து எழுதுகிறேன். அம்மா பாரிசவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில். நாற்பது வருசமாக ஒரே சபை. ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தவ. இதுவரை சபையிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. நத்தாருக்கு மட்டும் கரோல் வந்தது. படலையில் நின்று மூன்று பாட்டுப் பாடினார்கள், என்வலப்பை வாங்கினார்கள், போய்விட்டார்கள். அம்மா உள்ளே கேட்டுக்கொண்டு கிடந்தா. அவர்களாகத் தெரிந்துகொள்கிறார்களா பார்ப்போம் என்று நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்னொரு சபையில் பாட்டும் நல்லம், ஆட்களும் அன்பாகக் கதைக்கிறார்கள் என்று சிநேகிதி கூப்பிடுகிறா. அன்பில்லாத சபையை விட்டுப் போவது பிழையா?

அன்பின் தங்கச்சி,

அந்தக் கரோலைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசிக்க நெஞ்சு கனத்தது. உங்கள் சபை இதற்கு வெட்கப்படத்தான் வேண்டும்.

ஆனால் உங்களையும் ஏச வேண்டியிருக்கிறது. எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களே, அது யாருக்கு வைத்த பரீட்சை? அதில் வருந்தியது அம்மாதான். யாக்கோபு 5:14 ஐத் திறந்து பாருங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் இருக்கிறது. கூப்பிடுகிற பொறுப்பு நோயாளி வீட்டுக்கு. கூப்பிடாமல் இருந்துகொண்டு, வரவில்லை என்று கணக்கெழுதுவது நியாயமில்லை. இன்றைக்கே போதகருக்கு ஒரு கோல் எடுங்கள்.

மற்றச் சபையின் பாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. படுத்திருக்கும் அம்மாவை விட்டுவிட்டு எத்தனை ஞாயிறு போவீர்கள்? மூன்றாம் மாதம் அங்கேயும் நீங்கள் காணாமற்போன ஆள்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. கரோல் போக உங்கள் சபையிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த நாள் உவர்மலை, எந்த நாள் உப்புவெளி, எந்த ஒழுங்கையில் எத்தனை வீடு, லொறி யாருடையது, கடைசி வீட்டில் தேநீர் யார் கொடுப்பது என்று எல்லாம் அதில் இருக்கும். மாரி மழைக்குள் கித்தாரும் சுமந்துகொண்டு இத்தனை வீட்டுக்கும் போய்ச் சேர்கிறவர்கள், "சந்திக்கப் போக ஆளில்லை, நேரமில்லை" என்று சொல்ல முடியாது. சபையில் அன்பே இல்லை என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்பு இருக்கிறது, அதற்கு நாளும் ஆளும் குறிக்கப்படவில்லை. எருசலேமின் முதற்சபையிலேயே விதவைகளில் ஒரு பகுதியினர் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள் (அப்போஸ்தலர் 6). அதற்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லிப் பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள். ஏறக்குறைய 155 இல் ரோமில் ஞாயிறு ஆராதனையை விவரித்து எழுதிய யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், வர முடியாதவர்களின் திருவிருந்துப் பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்பதையும் விடாமல் எழுதியிருக்கிறார்.

இதற்கெல்லாம் நல்ல பாடம் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கிறது. 1742 பெப்ரவரி. மெதடிஸ்தருக்கு அங்கே கட்டடக் கடன். அதை அடைக்க ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என்று கப்டன் ஃபோய் என்பவர் சொன்னார். பலரிடம் அதுவும் இல்லையே என்று ஒருவர் சொல்ல, மிக வறியவர்கள் 11 பேரை என்னிடம் தாருங்கள், கிழமைதோறும் போய்ப் பார்க்கிறேன், கொடுக்க முடியாதவர்களுக்கு நானே போடுகிறேன் என்றார் ஃபோய். அப்படியே பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்தார்கள். காசுக்காக வீட்டு வாசலேறியவர்கள், அங்கே யார் எப்படி வாழ்கிறார் என்பதையும் கண்டு வந்து சொல்லத் தொடங்கினார்கள். நெடுநாளாகத் தேடியது இதுதான் என்று மெதடிஸ்தரின் தலைவர் ஜோன் வெஸ்லி பிடித்துக்கொண்டார். உங்கள் படலைக்கு வந்தவர்களும் காசுக்குத்தான் வந்தார்கள். பிரிஸ்டல்காரர் உள்ளே போனார்கள்.

பிறகு அவர்களும் சறுக்கினார்கள். வீடு வீடாகப் போக நேரம் போதவில்லை, சில வீடுகளில் உள்ளே விடவில்லை என்று எல்லாரும் ஓரிடத்தில் கூடுவதாக மாற்றினார்கள். கூட்டத்துக்கு நடக்கக்கூடியவர்தான் வருவார். படுக்கையில் கிடப்பவரை மறந்துபோக இதைவிட லேசான வழியில்லை. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் இதே ஓட்டைதான்.

120 குடும்பமுள்ள சபை என்று வைப்போம். கரோல் பட்டியலை ஒழுங்கைவாரியாகப் பத்துப் பத்து வீடாகப் பிரித்தால் 12 தொகுதி. தொகுதிக்கு இருவர், ஒருவராவது பெண். ஆக 24 பேர். கரோல் லொறியில் ஏறுகிறவர்கள் அதற்குக் குறையமாட்டார்கள். கிழமைக்கு 3 வீடு போனால் மாதத்துக்குள் பத்தும் முடியும். தொடர்ந்து இரண்டு ஞாயிறு காணாத ஆளின் வீடுதான் அந்தக் கிழமையின் முதல் வீடு. தங்களுக்குப் பிடித்த வீடுகளைப் பொறுக்கி எடுக்க மட்டும் விடக்கூடாது. வசதியான வீடுகளில் தேநீரும் கதையும் நீண்டு, மாசக் கடைசியில் கடற்கரைப் பக்கத்து வீடுகள் மிஞ்சிக் கிடக்கும். நவம்பர் தொடங்கி, வாடையில் கடல் கொந்தளித்துத் தொழில் படுக்கிற மாதங்களில் அந்த வீடுகளுக்குத்தான் முதலில் போக வேண்டும். நாமோ அதே மாதங்களில் நத்தார் செலவுக்கு அவர்களிடம் என்வலப் நீட்டுகிறோம்.

ஒரு கொப்பி போதும். திகதி, போனவர், என்ன வேண்டும், அதை யார் எப்போது செய்வார். நோயின் பெயர், கடன் தொகை, வீட்டுச் சண்டை எதுவும் அதில் ஏறக்கூடாது. பல சபைகளில் எல்லாம் குழம்புவது இந்த இடத்தில்தான். "இன்னாருக்காக ஜெபியுங்கோ" என்று தொடங்கி, அவருடைய மகள் யாரோடு போனாள் என்பதில் முடிகிற ஜெபவிண்ணப்பங்கள் எத்தனை! வீட்டாரைக் கேட்காமல் ஒரு பெயரும் வட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது. மீறுகிறவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவர் எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும் சரி.

படுக்கையில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: காலையில் உடம்பு துடைக்கிற நேரமும் மத்தியான நித்திரை நேரமும் வேண்டாம். பின்னேரம் நாலுக்குப் பிறகு, 20 நிமிடம். கட்டிலில் இருக்காமல் கதிரையை இழுத்து, அவ தலையைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய பக்கம் போடுங்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "என்னைத் தெரியுதா?" என்று கேட்கவே வேண்டாம், பாரிசவாதத்தில் வார்த்தை குழறுகிறவருக்கு அது வதை. பேச்சு வராவிட்டாலும் விளங்கும் என்று எண்ணியே அவவோடு கதையுங்கள். அவவைப் பற்றி மகளிடம் தலைக்கு மேலால் விசாரிக்காதீர்கள். சங்கீதம் 121 எட்டு வசனம், அது போதும். ஜெபம் 2 நிமிடம். எந்தப் பாவத்தால் இது வந்தது என்று துருவுகிற ஆட்களை உள்ளே விடவே கூடாது.

அதன் பிறகு, பராமரிக்கிறவளைப் பாருங்கள். "ஏதும் தேவையெண்டாச் சொல்லுங்கோ" என்றுவிட்டு எழும்புவதுதான் எங்கள் வழக்கம். கேட்கிற பாரம் முழுக்க ஏற்கனவே களைத்தவளின் தலையில் விழுகிறது. "வியாழன் பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் நான் இருக்கிறன், நீங்க கிளினிக் மருந்தை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று நாளும் மணியும் சொல்ல வேண்டும்.

தங்கச்சி, படுக்கைப் புண் வராமலிருக்க அம்மாவை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்புகிறீர்கள் என்றால் எட்டு மாதமாக உங்களுக்கு முழு நித்திரை இல்லை. சபை மாறுவதை யோசிக்கிற நேரமா இது? போதகரோடு கதைக்கும்போது "யாராவது வந்து பாருங்கோ" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். கிழமையில் இரண்டு இரவு, பத்து மணியிலிருந்து விடியும்வரை அம்மாவோடு இருக்க இரண்டு பெண்கள் வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் முதலில் ஒரு பகல் வந்து, திருப்புகிற முறையை உங்களிடம் பழகட்டும். அம்மாவின் முழங்காலை மடித்து, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். வலுவிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு விலகிவிடும்.