சர்க்கரை இனம் பார்க்குமா?

கேள்வி: எனக்கு 29 வயதில் சர்க்கரை வந்தது, இப்போது 36. தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகக் கிடங்கில் என்னோடு வேலை செய்யும், சூலு என்ற கறுப்பின நண்பருக்கும் அதே வயதில்தான் வந்தது. அவருக்குக் கண்ணில் ரத்தக்கசிவு, எனக்கு ஒன்றுமில்லை. “நம்ம ஆளுங்களுக்கு நெஞ்சுதான் போகும், கண் போகாது” என்கிறார் மாமா. உண்மையா டாக்டர்?
- சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: மாமா சொன்னதில் முதல் பாதியில் விஷயம் இருக்கிறது தம்பி. இரண்டாம் பாதியை நம்பிவிடாதீர்கள்.

இங்குள்ள இந்திய வம்சாவளியினரான நம்மவர்களுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வருவதை டர்பன் மருத்துவர்கள் 1980-களிலேயே எழுதிவைத்தார்கள். 35 வயதுக்குள் வரும், ஆனால் இன்சுலின் இல்லாமலே சமாளிக்கலாம் என்ற வகை அது. மாரடைப்பும் நம்மிடம் அதிகம். இந்நாட்டுக் கறுப்பின மக்களிடம் அது வெகுகாலம் அரிதாக இருந்தது. அவர்களைப் படுத்துவது ரத்தக் கொதிப்பும் பக்கவாதமும்.

இதெல்லாம் பெரிய ரத்தக் குழாய்களின் கதை. கண், சிறுநீரகம், நரம்பு மூன்றுக்கும் போகிற நுண்குழாய்கள் முக்கியமாகப் பார்ப்பது எத்தனை வருடச் சர்க்கரை, எவ்வளவு ஏறியது, ரத்த அழுத்தம் என்ன என்பதைத்தான். பிரிட்டனில் வெள்ளையர், இந்தியர், கரீபியக் கறுப்பினத்தவர் எல்லாரையும் சேர்த்துப் பல வருடம் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 1 சதவீதப் புள்ளி (8-லிருந்து 7 என்பது போல) குறைந்தால் நுண்குழாய்க் கோளாறுகள் 37 சதவீதம் குறைந்தன. அப்புறம், உங்கள் இருவருக்கும் ஒரே வயதில் ‘வந்தது’ என்கிறீர்களே, அது கண்டுபிடித்த வயது. இந்த நோய் வருடக்கணக்கில் சத்தம் போடாமல் உள்ளே இருக்கும். நண்பருக்கு எப்போது தொடங்கியதோ!

ஒரு ஈஸ்டர் விடுமுறையில் கோயிலில் தீ மிதித்துவிட்டு, அது முடிந்த செவ்வாய்க்கிழமை ஒருவர் என்னிடம் வந்தார். உங்களைவிட மூன்று வயது பெரியவர். பாதத்தில் எலுமிச்சை அளவு கொப்புளம் உடைந்து, மஞ்சள் துணி நூல் அதில் ஒட்டிக் கிடந்தது. “வலியே தெரியலை டாக்டர், அம்மன் அருள்” என்றார். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க நைலான் இழையால் கால்விரல் நுனியைத் தொட்டேன். கண்ணை மூடச் சொல்லி மறுபடி தொட்டேன். “எப்ப தொடப் போறீங்க?” என்று கேட்டார். அம்மன் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் அந்தக் கால்களில் நரம்பு செத்துப் பல நாள் ஆகியிருந்தது. அவரும் நம்ம ஆள்தான்.

‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் பார்த்துச் சொன்னது? கண்ணின் உள்ளே கசிவு தொடங்கும்போது பார்வை தெளிவாகவே இருக்கும். அதனால் வருடம் ஒருமுறை விழித்திரையைப் படம் எடுங்கள், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இறங்குகிறதா என்று பாருங்கள், பாதத்தையும் காட்டுங்கள். கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் நெஞ்சுக்காக. சிகரெட் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

மாமாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அவரையும் கண் பார்க்கக் கூட்டிப்போங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். திரும்பி வர வண்டி ஓட்ட வேறு ஆளைப் பிடியுங்கள்.