ஓடும் குழந்தைகளின் குதிகாலைக் கவ்வும் ஹீலர்

உங்கள் 14 மாத ஹீலர் நாய், ஓடும் குழந்தைகளின் குதிகாலைக் கவ்வ வந்தால் அவர்கள் அசையாமல் நின்றுவிட வேண்டும். கத்தவோ காலை உதறவோ கூடாது. ஓட்டமும் கூச்சலும்தான் அதற்குப் பரிசு.

பெரும்பாலும் இது கோபமில்லை. மாட்டின் குதிகாலைக் கவ்வி ஓட்டுவதற்காகவே ஆஸ்திரேலியாவில் உருவான இனம்; ஹீலர் என்ற பெயரே அதனால் வந்ததுதான். அடித்து மாற்ற முடியாது.

2 மீட்டர் வாரில் நாயைப் பிடித்துக்கொண்டு, ஒரு குழந்தையை மெல்ல நடக்கவிட்டுப் பாருங்கள். தலையைத் தாழ்த்தி உற்றுப் பார்க்கத் தொடங்கும் நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பினால் உடனே பிஸ்கட். தினம் 2 முறை, 5 நிமிடம். திரும்பவே இல்லையென்றால் குழந்தைக்கும் நாய்க்கும் இடையே தூரத்தைக் கூட்டுங்கள். கவ்விய பிறகு கூப்பிடுவது வீண்.

விளையாட்டு என்று பந்தை மட்டும் வீசிக்கொண்டிருந்தால் துரத்தும் வெறிதான் ஏறும்.

உறுமினாலோ, தோல் கிழிந்தாலோ, பழக்கம் திடீரென்று வந்திருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வலி இருக்கலாம். அதுவரை குழந்தைகளோடு தனியே விட வேண்டாம்.