குடல் நரம்பு ஆய்வுக்கு அமெரிக்கா: விசாவுக்கு முன் எலியைக் கேளுங்கள்

தம்பி, குடல் நரம்பு மண்டலத்தில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு) செய்ய அமெரிக்காவில் இரண்டு லேப் கூப்பிடுகின்றன, ஒன்று ஜே-1 (பரிமாற்ற விசா) தருகிறது, மற்றது எச்-1பி (வேலை விசா), எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விசா அடுத்த கேள்வி. அங்கே உங்கள் ஆய்வுக்கு வேண்டிய மரபணு மாற்றிய எலி தயாராக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

காரணம் கே99. என்ஐஎச் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) போஸ்ட்டாக் ஆய்வாளருக்குத் தரும் இந்த நிதிக்கு ஜே-1, எச்-1பி இரண்டில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். அவர்களுடைய இன்னொரு போஸ்ட்டாக் நிதியான எஃப்32-க்குக் கிரீன் கார்டாவது வேண்டும். பேராசிரியர் வேலை கிடைத்ததும் கே99, ஆர்00 என்ற இரண்டாம் கட்டமாக மாறி, ஆண்டுக்கு 2,49,000 டாலர் வரை 3 ஆண்டு வரும். ஆனால் விண்ணப்பிக்கும்போது போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. இந்தியாவில் செய்த போஸ்ட்டாக்கும் இந்தக் கணக்கில் சேரும்.

எலிக்குச் சினைக்காலம் 3 வாரம், குட்டி பருவத்துக்கு வர 6 முதல் 8 வாரம். ஒரு தலைமுறைக்கே இரண்டரை மாதம் போய்விடும். நரம்பணு வேலை செய்யும்போது ஒளிரும் ஜிகேம்ப் புரதமும் வேண்டும், ஒரு ஜீனை நீக்கவும் வேண்டும் என்றால் இரண்டு மூன்று தலைமுறை. வேறு ஊரிலிருந்து எலியை வரவழைத்தால் தனிமைப்படுத்தலுக்கும் நோய்ப் பரிசோதனைக்கும் இன்னும் சில மாதம். அந்த 4 ஆண்டில் முதல் ஆண்டு எலிக் கூண்டுக்கு முன்னாலேயே கரைந்துவிடும்.

அடுத்தது கை. பெருங்குடலை நீளவாக்கில் வெட்டி, சில்கார்டு (சிலிக்கோன் ரப்பர்) ஊற்றிய தட்டில் உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து ஊசி குத்தி, சளிப்படலத்தை உரித்து, பிறகு வட்டத் தசையை இழை இழையாக எடுத்தால்தான் மயென்டெரிக் வலை (தசை அடுக்குகளுக்கு நடுவே உள்ள நரம்பு வலை) வெளிப்படும். இழுவை குறைந்தால் மடிப்பு விழுந்து கேங்லியன் (நரம்பணுத் திரள்) ஃபோகஸில் நிற்காது. கூடினால் வலையே கிழியும். இதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். அதனால் லேப் தலைவரான பி.ஐ.யோடு பேசி முடித்துவிடாமல், அங்கே தினமும் குடலை உரிப்பவரிடமும் அரை மணி பேசுங்கள்.

வெட்டிய குடலை உயிரோடு வைத்திருக்கும் க்ரெப்ஸ் என்ற உப்புக் கரைசலும் காலை வாரும். 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு குமிழ விட்ட பிறகுதான் கால்சியம் குளோரைடைச் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் பிஎச் ஏறிய கரைசலில் கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்து பால் போலக் கலங்கிவிடும். தசைத் துடிப்பை அடக்க நிஃபெடிபின் 1 மைக்ரோமோலார் போடுவார்கள். அது வெளிச்சத்தில் சிதையும், பாட்டிலுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள். படம் எடுக்கும்போது குடல் திடீரென்று ஆட ஆரம்பித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மருந்தைத்தான்.

இனி விசா. ஜே-1 ஆய்வாளருக்கு அதிகபட்சம் 5 ஆண்டு. அது முடிந்ததும் 2 ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்று இந்தியர்களைப் பயமுறுத்திய விதி 2024 டிசம்பரில் வந்த புதிய திறன் பட்டியலால் பெரும்பாலோருக்கு நீங்கிவிட்டது. அரசு நிதியில் வருபவருக்கு இன்னும் உண்டு. எச்-1பி 6 ஆண்டு, பல்கலைக்கழகத்துக்குக் குலுக்கல் கிடையாது. ஆனால் 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் இருப்பவருக்கான புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தார்கள். அதை லேப் கட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். மனைவி வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஜே-1 துணைவருக்கான ஜே-2-வில் அனுமதி கேட்கலாம். எச்-1பி துணைவருக்கான எச்-4-இல் உங்கள் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டும்வரை பெரும்பாலும் முடியாது.

என் கணிப்பில், எலியும் உரிக்கச் சொல்லித்தர ஆளும் இருக்கும் லேப் ஜே-1 தந்தால் தயங்காமல் எடுங்கள். ஜே-1-இல் முதல் 2 காலண்டர் ஆண்டுக்கு 7.65% சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி பிடிக்க மாட்டார்கள். டிசம்பரில் இறங்கினால் அந்த ஒரு மாதமே முழு ஆண்டாகக் கணக்காகிவிடும். ஜனவரிக்கு டிக்கெட் போடுங்கள்.