உடலை நீட்டினால் தூரம் குறையுமா?

வாசகர், திருநெல்வேலி: ஒரே விமானத்தின் உடலை நீட்டினால் கூடுதல் பேர் ஏறலாம் என்பது புரிகிறது. ஆனால் சிறிய ஜெட் விமானங்களில் நீளமான வகை, குட்டையான வகையை விடக் குறைந்த தூரமே பறப்பதாகப் படித்தேன். அது ஏன்?

நீங்கள் படித்தது பெரும்பாலும் சரியே. காரணம் எடைக் கணக்கு. ஒவ்வொரு விமானத்துக்கும் ‘இதற்கு மேல் எடையோடு தரையை விட்டு எழும்பக் கூடாது’ என்று சான்றளிக்கப்பட்ட ஓர் உச்ச எடை உண்டு. வெற்று விமானம், பயணிகளும் அவர்களுடைய பெட்டிகளும், எரிபொருள் ஆகிய மூன்றும் அந்த வரம்புக்குள் அடங்கியாக வேண்டும்.

பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் நிறுவனத்தின் இஆர்ஜே வரிசையையே எடுத்துக்கொள்வோம். இஆர்ஜே 135 என்பது 26.33 மீட்டர் நீளமும் 37 இருக்கைகளும் கொண்டது; இஆர்ஜே 145 என்பது 29.87 மீட்டர் நீளமும் 50 இருக்கைகளும் கொண்டது. எல்.ஆர். என்ற நெடுந்தூர வகையில் முன்னதன் உச்ச எடை 20,000 கிலோ, பின்னதன் உச்ச எடை 22,000 கிலோ. கூடுதலாகக் கிடைத்த 2,000 கிலோ எங்கே போகிறது என்று பாருங்கள். பெட்டியோடு ஒரு பயணிக்கு 100 கிலோ என்று வைத்தால், 13 பேருக்கு 1,300 கிலோ தீர்ந்துவிடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை நீட்டிய உடலின் சொந்த எடையே விழுங்கிவிடுகிறது. ஆக, எரிபொருள் ஏறக்குறைய அதே அளவு, சுமக்க வேண்டிய பாரமோ அதிகம். அதனால்தான் 135 சுமார் 3,240 கிலோமீட்டர் பறக்கும்போது 145 சுமார் 2,870 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. இந்த இணையில் முதலில் பிறந்தது நீளமான 145 என்பதையும், 135 அதிலிருந்து பிறகு குறுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 145-இன் உடலும், பிரசிலியா என்ற 30 இருக்கை சுழல்விசிறி விமானத்தின் குழாயை நீட்டி எடுத்ததுதான்.

வாசகர், கோயம்புத்தூர்: பெயருக்குப் பின்னால் வரும் இ.ஆர்., எல்.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகள் வெவ்வேறு விமானங்களைக் குறிக்கின்றனவா?

முதல் இரண்டும் பெரும்பாலும் எடை வரம்பைக் குறிப்பவை. இஆர்ஜே 145-இல் இ.ஆர். வகைக்கு 20,600 கிலோ, எல்.ஆர். வகைக்கு 22,000 கிலோ. அருகருகே நிறுத்தினால் பயணியின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கூடுதல் வரம்பையே எல்லாரும் வாங்கிவிடலாமே என்று தோன்றும். பல விமான நிலையங்கள் தரையிறங்கும் கட்டணத்தை உச்ச எடையை வைத்தே விதிப்பதால், ஒரு மணி நேர வழித்தடங்களில் மட்டும் ஓட்டும் நிறுவனத்துக்கு அது வீண் செலவு.

எக்ஸ்.ஆர். அப்படியல்ல. 24,100 கிலோ வரம்பு, கூடுதல் விசையுள்ள எஞ்சின்கள், இறக்கை நுனியில் மேல்நோக்கி மடிந்த விங்லெட், வயிற்றுப் பகுதியில் ஒரு கூடுதல் எரிபொருள் கலன் எனப் உண்மையிலேயே மாறிய விமானம் அது. அதன் வீச்சு சுமார் 3,700 கிலோமீட்டர்.

வாசகர், சென்னை: நீட்டுவது என்றால் நடுவில் வெட்டி ஒரு துண்டை ஒட்டிவிடுவதுதானா? வேறு என்னென்ன மாற வேண்டியிருக்கும்?

பேருந்துக்குக் கூண்டு கட்டுகிறவர் இரண்டு சன்னல் அளவுக்கு நீளத்தைக் கூட்டுவது போல இது முடிந்துவிடுவதில்லை. கனடாவின் பம்பார்டியே நிறுவனத்தின் சிஆர்ஜே குடும்பம் இதற்கு நல்ல பாடம். 20.85 மீட்டர் நீளமுள்ள சேலஞ்சர் என்ற தனியார் ஜெட்டை ஏறக்குறைய 6 மீட்டர் நீட்டி, 50 இருக்கை சிஆர்ஜே 100-ஐ உருவாக்கினார்கள். அது 1991-இல் முதன்முதலாகப் பறந்தது. பிறகு சிஆர்ஜே 700, 900, 1000 என்று வளர்ந்து, கடைசி வகை 39 மீட்டரைத் தொட்டது. தாத்தாவின் நீளத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, ஆனால் வரிசைக்கு நான்கு இருக்கைகள் என்ற ஒல்லிக் குழாய் மட்டும் மாறவே இல்லை.

இந்த விமானங்களுக்கு எஞ்சின்கள் வாலருகே இருப்பதால் பாரம் பின்பக்கம் சாய்ந்தது. ஆகையால் இறக்கையும் பின்தள்ளியே அமைந்திருக்கிறது. துண்டைச் சேர்க்கும்போது இறக்கைக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பிரித்துச் சேர்த்தால்தான் எடை மையம் தன் எல்லைக்குள் நிற்கும். பின்பகுதி நீண்டால் இன்னொரு தொல்லை: ஓடுபாதையில் மூக்கைத் தூக்கும்போது வால் தரையில் உரசக்கூடும். அதனால் தூக்கும் கோணத்தைக் குறைக்க வேண்டும். கோணம் குறைந்தால் எழும்ப அதிக வேகம் வேண்டும். அதிக வேகத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். சிஆர்ஜே 700-க்கு இறக்கையைப் பெரிதாக்கியதோடு, சிஆர்ஜே 100-இல் இல்லாத, முன்விளிம்பிலிருந்து நீண்டு தூக்குவிசையைக் கூட்டும் தகடுகளையும் பொருத்தினார்கள். பயணிகள் குனிந்து பார்க்க வேண்டியிருந்த சன்னல்களையும் அப்போதே சற்று உயர்த்தினார்கள். இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்த திருத்தம் அதுதான்.

எரிபொருள் விஷயத்தில்தான் இந்தக் குடும்பத்தின் வரம்பு வெளிப்படுகிறது. 700, 900, 1000 ஆகிய மூன்றும் கொள்ளும் எரிபொருள் ஒரே அளவு, சுமார் 8,800 கிலோ. 70 பேரோடு பறந்தாலும் 100 பேரோடு பறந்தாலும் கலன் அதேதான். சிஆர்ஜே 1000-இல் இறக்கை நுனிகளை நீட்டினார்கள், வால் சுக்கானை மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாற்றினார்கள். 2008 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்த அது 2010 டிசம்பரில்தான் சேவைக்கு வந்தது. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட விமானங்களே விற்றன. நீட்டுவதற்கு அந்தக் குழாயில் அதற்கு மேல் இடமில்லை என்பதை வாங்குபவர்கள் தயாரிப்பாளருக்கு முன்பே உணர்ந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வாசகர், மதுரை: முன்பு பாரமவுண்ட் ஏர்வேஸ் விமானத்தில் சென்னைக்குச் சென்றிருக்கிறேன். அந்த எம்ப்ரேயர் 170, 175 ஆகியவையும், 190, 195 ஆகியவையும் ஒரே விமானத்தின் நீட்டல்கள்தானா?

ஒரே குடும்பம், ஆனால் இரண்டு சோடிகள். நீங்கள் சென்ற 170-இன் உடலை 1.78 மீட்டர் நீட்டினால் 175. இருக்கையில் அது இரண்டு வரிசைதான். அதற்கு மேல் 36 மீட்டர் வரை இழுக்க வேண்டியிருந்தபோது எம்ப்ரேயர் பழைய இறக்கையை நம்பவில்லை. 190-க்குப் புதிய பெரிய இறக்கையும் விசை கூடிய வேறு எஞ்சினும் கொடுத்தது. அந்த 190-ஐ மேலும் 2.41 மீட்டர் நீட்டியதே 195. ஏ.ஆர். என்ற நெடுந்தூர வகையில் 190-க்குச் சுமார் 4,500 கிலோமீட்டர், 195-க்குச் சுமார் 4,250 கிலோமீட்டர். இங்கேயும் நீளமானதுதான் குறைவாகப் பறக்கிறது. ஆனால் இரண்டும் சிறிய சோடியை விட நெடுந்தூரம் செல்கின்றன. பெரிய இறக்கையின் பலன் அது.

வாசகர், சேலம்: 44, 50, 76 என்று இருக்கை எண்ணிக்கை ஏன் இப்படி விநோதமாக அமைகிறது?

இதற்கு விடை பொறியாளர்களின் மேசையில் இல்லை. அமெரிக்காவில் விமானிகள் சங்கங்கள் பெரிய நிறுவனங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்காகக் குறுந்தூர வழித்தடங்களை ஓட்டும் துணை நிறுவனங்கள் குறைந்த ஊதிய விமானிகளை வைத்து எவ்வளவு பெரிய விமானத்தை ஓட்டலாம் என்பதற்கு அவை இருக்கையிலும் எடையிலும் உச்சவரம்பு போடுகின்றன. அந்த வரம்புக்காகவே 145-ஐ 1.42 மீட்டர் குறுக்கி, 44 இருக்கை இஆர்ஜே 140 செய்யப்பட்டது. 2019-இல் வந்த சிஆர்ஜே 550 இன்னும் வேடிக்கை: 70 பேர் அமரக்கூடிய சிஆர்ஜே 700-இன் உடலில் 50 இருக்கைகளை மட்டும் போட்டு, உச்ச எடையையும் காகிதத்தில் குறைத்துச் சான்று வாங்கினார்கள்.

எதிர்த்திசையில் மாட்டிக்கொண்டது எம்ப்ரேயர் 175-இன் இரண்டாம் தலைமுறை. சிக்கனமான புதிய எஞ்சின்கள் பழையவற்றை விடக் கனமானவை. விமானத்தின் உச்ச எடை 44 டன்னைத் தாண்டிவிட்டது. ஒப்பந்தங்கள் அனுமதிப்பதோ சுமார் 39 டன். 2019 டிசம்பரில் அது நன்றாகவே பறந்து காட்டியது. இருந்தும் அமெரிக்கத் துணை நிறுவனங்கள் பழைய 175-ஐயே தொடர்ந்து வாங்குகின்றன.