தடக் தடக் எங்கே கேட்டீர்கள்?

அன்புள்ள சார்,

மாட்டுங்காவில் இருக்கிறேன். சிறு வயதிலிருந்தே ரயில் பைத்தியம். மும்பை லோக்கல் ரயில் பயணத்தை வைத்து எழுதிய நகைச்சுவைக் கட்டுரை ஒன்றை இணைத்திருக்கிறேன். வீட்டில் படித்துக் காட்டினேன், யாரும் சிரிக்கவில்லை. ஆபீசிலும் அப்படியே. ரயில் நகைச்சுவை ரயில் பித்தர்களுக்கு மட்டும்தானா? இத்தனைக்கும் ஒலி சரியாக வரவேண்டும் என்று கதவருகே நின்று போனை வெளியே நீட்டி ரெகார்டு செய்து கேட்ட பிறகுதான் எழுதினேன். ஒன்பது வயது மகள் ரயிலைப் பற்றிக் கேள்வி கேட்டே ஆளைத் தின்கிறாள். அவளுக்கு எந்த மாடல் எஞ்சின் வாங்கலாம்? டீசல், மின்சாரம் இரண்டில் எது சிறந்தது என்றும் சொல்லுங்கள்.

கே., மாட்டுங்கா, மும்பை

தம்பி,

கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஓடுகிற வண்டியில் விளக்கும் ஃபேனும் அணைய, எதிர் சீட்டுப் பெரியவர் "ரயில்வேக்காரன் கரண்ட் பில் கட்டலையா?" என்று கேட்கிறாரே, அங்கே வாய்விட்டுச் சிரித்தேன். காரணம், அது உண்மையான இடம். அடுத்தடுத்த சப்ஸ்டேஷன்கள் வெவ்வேறு ஃபேஸிலிருந்து மின்சாரம் தருவதால் இரண்டையும் ஒட்டவிட முடியாது. நடுவே, வண்டிக்கு மேலே ஓடும் மின்கம்பியில், மின்சாரமே இல்லாத ஒரு துண்டு வரும். அதுதான் நியூட்ரல் செக்‌ஷன். வண்டி பவர் இல்லாமல், ஓடிய வேகத்திலேயே அதைத் தாண்டும். 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஹார்பர் லைனில் தொடங்கிய 1500 வோல்ட் டிசி (நேர்மின்னோட்டம்), 2016 ஏப்ரலில் அதே ஹார்பர் லைனில்தான் முடிந்தது. அந்த டிசியில் இந்த நியூட்ரல் செக்‌ஷன் கிடையாது. ஆக, உங்கள் பெரியவரின் கேள்வி 25 கிலோவோல்ட் ஏசி (மாறுமின்னோட்டம்) காலத்துக்கு மட்டுமே பொருந்தும் கேள்வி. அதைத் தெரிந்து எழுதினீர்களோ தெரியாமல் எழுதினீர்களோ, சரியாக விழுந்திருக்கிறது.

அடுத்த பத்தியிலேயே கெடுத்துவிட்டீர்கள். "தடக் தடக் என்று தாளம் போட்டபடி ஃபாஸ்ட் லோக்கல் தாதரைத் தாண்டியது." இந்தத் தடக் தடக்கை எங்கே கேட்டீர்கள்?

அதற்கு முன் ஒரு வார்த்தை. போனை வெளியே நீட்டினேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். லோக்கல் பெட்டியின் அகலம் 3.658 மீட்டர். தடத்தின் நடுக்கோட்டிலிருந்து பெட்டியின் பக்கவாட்டுக்கு 1.83 மீட்டர். மின்கம்பம் நெருக்கமான இடங்களில் நடுக்கோட்டிலிருந்து 2.36 மீட்டரில் நிற்கலாம். மிச்சம் அரை மீட்டர் சொச்சம். உங்கள் கை அதைவிட நீளம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஒரு கம்பம் வரும். வீட்டில் ஒன்பது வயதுப் பெண் இருக்கிறாள், நீங்கள் ஒரு ஒலிக்காகக் கையை நீட்டுகிறீர்கள்! இனி ஒரு தடவையும் செய்யாதீர்கள். சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் சீட்டில் உட்கார்ந்து போனை மடியில் வைத்தாலே போதும், ஒலி தரை வழியாக வரும்.

இனி தடக் தடக். ரயில் என்றாலே தமிழில் இந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறோம். கொஞ்ச நாளாகவே இதை எழுத வேண்டும் என்று மனதில் இருந்தது, உங்கள் கட்டுரை சாக்காக வந்தது.

நம் அகலப்பாதைத் தண்டவாளம் ஒன்றின் வழக்கமான நீளம் 13 மீட்டர். இரண்டு தண்டவாளம் சேரும் இடத்தில் இருபுறமும் ஃபிஷ்பிளேட் என்ற இணைப்புத் தகடு வைத்து நான்கு போல்ட் போட்டு முடுக்குவார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் முனைகளுக்கு இடையே சிறு இடைவெளி. 30 டிகிரி ஏறினால் 13 மீட்டர் தண்டவாளம் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் நீளும். அந்த இடைவெளியில் சக்கரம் இறங்கி ஏறும் அடிதான் 'தட'. நம்மவர்கள் போகி என்று பெட்டியையே சொல்வார்கள், நான் சொல்வது அடியில் இருக்கும் நான்கு சக்கர வண்டியை. பழைய ஐசிஎஃப் (பெரம்பூர் தொழிற்சாலை) பெட்டியின் போகியில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே 2.896 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் முதல் அச்சு அடித்து 0.17 விநாடியில் இரண்டாவது அடிக்கும். அடுத்த ஜாயிண்ட் 0.78 விநாடியில் வரும். போகிக்கு மேலே உட்கார்ந்தவருக்குத் 'தட-தட்', ஒரு மௌனம், மறுபடி 'தட-தட்'. பெட்டியின் நடுவே உட்கார்ந்தவருக்கு அப்படிக் கேட்காது. இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையே 14.783 மீட்டர். முன் போகி அடுத்த ஜாயிண்டில் அடிக்கிற அதே சமயத்தில் பின் போகி பழைய ஜாயிண்டில் அடிக்கும். நான்கு அடியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து 'தடதடதட்' என்று குழம்பிவிடும். ஒரே பெட்டியில் சீட்டுக்குச் சீட்டு தாளம் வேறு. உங்கள் பாத்திரம் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்தீர்களா?

யோசித்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் தாதரில் ஃபாஸ்ட் லைனில் அந்த ஜாயிண்ட்டே இல்லை. மெயின் லைனில் தண்டவாளங்களை வெல்ட் செய்து நீளத் தண்டவாளமாக்கி விட்டார்கள். அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த கலவையைப் பற்றவைத்து, முனைகளுக்கு நடுவே விட்ட 25 மில்லிமீட்டர் இடைவெளியில் உருகிய இரும்பை ஊற்றி, ஆறுவதற்குள் மிஞ்சியதைச் சீவி, பிறகு கிரைண்டர் பிடித்து மட்டமாக்குகிறார்கள். கிரைண்டிங் சரியில்லாத வெல்டில் சின்னதாக ஒரு 'டொக்' கேட்கும். அதைத் தடக் என்று எழுதக்கூடாது.

அப்படியானால் வெயிலில் நீள்கிற இரும்பு எங்கே போகிறது? நீளவிடுவதில்லை, அவ்வளவுதான். அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையும், அதில் தண்டவாளத்தைப் பிடிக்கும் கிளிப்பும், சுற்றியுள்ள ஜல்லியும் பிடித்து நிறுத்துகின்றன. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 30 டிகிரி ஏறினால் ஒவ்வொரு தண்டவாளத்துக்குள்ளும் ஏறக்குறைய 55 டன் அழுத்தம் அடைபட்டுக் கிடக்கும். ஜல்லியின் தோளை, அதாவது ஸ்லீப்பர் ஓரத்துக் குவியலை, குறைத்துவிட்டாலோ, வெயில் வேளையில் ஸ்லீப்பருக்கு அடியில் கிளறிவிட்டாலோ, தடம் பாம்பு மாதிரி பக்கவாட்டில் வளைந்துவிடும். அதனால்தான் தண்டவாளத்தைப் பூட்டியபோது இருந்த வெப்பநிலையைவிட 20 டிகிரி மேலே போனதும், தடத்தைப் பராமரிக்கும் ட்ராக்மேன் கடும் வெயிலில் ரோந்து நடக்கிறார். நீங்கள் எழுதிய 'தூங்கி வழியும் ரயில்வேக்காரர்' வரிசையில் அவரையும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். எனக்கு அதில் வருத்தம்.

ஜாயிண்ட் ஒலியை இழந்துவிட்டோமே என்று ஏங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒவ்வொரு தடக்கிலும் தண்டவாள முனை நசுங்கும், போல்ட் தளரும், அடியில் ஜல்லி இறங்கிச் சேறு பொங்கும். தடத்தைச் சோதிக்கும் கீமேன் தன் பீட், அதாவது தன் பொறுப்பிலுள்ள தூரம், முழுவதும் நடந்து போல்ட்டை முடுக்குவார். குளிர் மாதங்களில், அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள், வருடம் ஒரு தடவை ஃபிஷ்பிளேட்டைக் கழற்றிக் கிரீஸ் தடவ வேண்டும். பயணிக்குத் தாலாட்டாகக் கேட்டதற்கு இவ்வளவு உழைப்பு.

சரி, இன்றைய லோக்கலில் என்னதான் கேட்கிறது? ஸ்டேஷனை நெருங்கும்போது தடம் பிரியும் பாயிண்ட், தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங். கிராசிங்கின் கூர்முனையான மூக்கருகே உள்ள இடைவெளியைச் சக்கரம் தாண்டுகிற 'டடங்' உறுதியான ஒலி. சிஎஸ்எம்டிக்குள் (பழைய விக்டோரியா டெர்மினஸ்) நுழையும்போது வரிசையாக வரும், வண்டி மெதுவாகப் போவதால் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துக் கேட்கலாம். சிக்னலுக்காகத் ஒரு தண்டவாளத்திலிருந்து அடுத்ததற்கு மின்சாரம் போகாமல் பிரிக்கும் ஒட்டு ஜாயிண்டில் ஒரே ஒரு 'டிக்'. புறப்படும்போது, மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் படிப்படியாக ஏறும் ஊளை. நின்றிருக்கும்போது அடியிலிருந்து 'டகடகடக' என்று கேட்பது சக்கரம் இல்லை, பிரேக்குக்கான காற்று குறைந்ததும் ஓடத் தொடங்கும் கம்ப்ரெசர். பக்கத்து சீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து "வண்டி கிளம்பிடுச்சா?" என்று கேட்பது அந்த ஒலியைக் கேட்டுத்தான். இதோ, உங்களுக்கு இன்னொரு நகைச்சுவை. எடுத்துக்கொள்ளுங்கள்.

டீசலா மின்சாரமா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என்ன சுமை, என்ன ஏற்றம், கம்பி இருக்கிறதா என்று சொல்லாமல் சிறந்தது எது என்று கேட்பதில் பொருள் இல்லை.

மகளுக்கு இப்போது மாடல் எஞ்சின் வேண்டாம். ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுங்கள். ஜன்னல் கம்பிக்கு உள்ளேயே உட்கார்ந்து மின்கம்பங்களில் உள்ள எண்ணைப் பார்க்கட்டும். மேலே இருப்பது கிலோமீட்டர், கீழே கம்பத்தின் வரிசை எண். மேல் எண் மாறும் கம்பத்தில் தொடங்கி அடுத்து மாறும் கம்பம் வரை எத்தனை விநாடி என்று பார்த்து, 3600-ஐ அதனால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 45 விநாடி என்றால் 80. பழைய ஃபிஷ்பிளேட் தடம் வண்டிகள் ஒதுங்கி நிற்கும் சைடிங்கிலோ லூப் லைனிலோ எங்காவது வாய்த்தால் இன்னும் எளிது. 47 விநாடியில் எத்தனை ஜாயிண்ட் என்று எண்ணினால் அந்த எண்ணே வேகம், 13 மீட்டர் நீளத்துக்குக் கணக்கு அப்படி அமைகிறது. மூன்று தண்டவாளத்தை ஒட்டிய 39 மீட்டர் துண்டுகளாக இருந்தால் மூன்றால் பெருக்கச் சொல்லுங்கள். வண்டியின் சத்தத்தில் இடைவெளி அதிகமாக இருப்பதை வைத்து அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

வீட்டில் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தாதர் பத்தியைத் திருத்தி, ட்ராக்மேன் வரியை எடுத்துவிட்டு மறுபடி படித்துக் காட்டுங்கள், முதலில் மகளுக்கு. கரண்ட் பில் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.