எத்தனை சீசன் பொறுப்பது? – கூடைப்பந்து கேள்வி பதில்

கேள்வி: நான் நெடுநாளாக ஆதரிக்கும் என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணி தொடர்ந்து மூன்றாவது சீசனாகப் பட்டியலின் அடியிலேயே கிடக்கிறது. "அணியைப் புதிதாகக் கட்டுகிறோம், பொறுத்திருங்கள்" என்கிறது நிர்வாகம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம்பி இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது?

பதில்: ஆண்டுகளை எண்ணி இதற்கு விடை காண முடியாது. அந்த ஆண்டுகளில் அணிக்குள் என்ன வளர்ந்தது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பொறுமையாக இருந்த இரண்டு அணிகளின் கதையைச் சொல்கிறேன்.

பிலடெல்பியா செவன்டிசிக்சர்ஸ் அணியின் பொது மேலாளராக 2013-இல் பொறுப்பேற்ற சாம் ஹிங்கி, நடுத்தர அணியாகவே காலம் தள்ளுவதைவிட, இருப்பதைக் கலைத்துவிட்டு டிராஃப்டில் (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வு; மோசமான அணிகளுக்கே முன்வரிசை வாய்ப்பு அதிகம்) முதல் சில இடங்களைப் பிடிப்பதே மேல் என்று முடிவெடுத்தார். ஆல்-ஸ்டார் வீரரான ஜ்ரூ ஹாலிடேயையே வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த மூன்று சீசன்களில் அணி ஆடிய 246 ஆட்டங்களில் கிடைத்த வெற்றிகள் 47. மூன்றாவது சீசனில் வெறும் 10. 2016 ஏப்ரலில் ஹிங்கி விலகினார். அந்தத் தோல்விகளுக்குப் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2014-இல் மூன்றாம் இடத்தில் எடுக்கப்பட்ட ஜோயல் எம்பீட், கால் காயத்தால் முதல் இரண்டு சீசன்களும் ஆடாமல் இருந்து, பின்னர் 2022-23-இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையே வென்றார். ஆனால் 2015-இல் அதே மூன்றாம் இடத்தில் வந்த ஜாலில் ஓக்கஃபோர் நிலைக்கவில்லை. 2017-இல், ஹிங்கி போன பிறகு, பாஸ்டனுடன் இடம் மாற்றி முதலிடத்தில் மார்க்கெல் ஃபுல்ட்சை எடுத்தார்கள். மூன்றாம் இடத்துக்கு இறங்கிய பாஸ்டன் எடுத்தவர் ஜேசன் டேட்டம். 2019 பிளே-ஆஃபின் (சீசனுக்குப் பின் சிறந்த அணிகள் மட்டும் கோப்பைக்காக, சுற்றுக்கு அதிகபட்சம் ஏழு ஆட்டங்களாக மோதும் கட்டம்) இரண்டாம் சுற்றில் டொராண்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் மூலையிலிருந்து டொராண்டோவின் கவாய் லெனர்ட் எறிந்த பந்து, வளையத்தின்மேல் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. பிலடெல்பியா அன்று வெளியேறியது. அதற்குப் பிறகும் 2025 வரை இரண்டாம் சுற்றை அது தாண்டவே இல்லை.

ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியும் தோற்றது. 2021 டிசம்பர் 2 அன்று மெம்பிஸ் அதை 152-79 என்று நசுக்கியது. 73 புள்ளி வித்தியாசம் என்பது என்.பி.ஏ. வரலாற்றிலேயே இல்லாத தோல்வி. ஆனால் அந்த அணியின் கையில் அப்போதே ஒரு பொக்கிஷம் இருந்தது. 2019-இல் பால் ஜார்ஜ் விலக விரும்பியபோது, பொது மேலாளர் சாம் பிரெஸ்டி அவரை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்சுக்குக் கொடுத்து, எதிர்கால டிராஃப்டுகளின் முதல் சுற்றில் வீரரை எடுக்கும் ஐந்து உரிமைகளோடு, ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் கேட்டு வாங்கியிருந்தார். (மெம்பிஸிடம் தோற்ற அந்த இரவில் அவர் ஆடவில்லை.) அந்த உரிமைகளில் ஒன்றுதான் 2022-இல் 12-ஆம் இடத்தில் ஜேலன் வில்லியம்ஸாக வந்தது. 2021-22 முதல் வெற்றிகள் 24, 40, 57, 68 என்று ஏறி, 2025 ஜூனில் கோப்பையில் முடிந்தன.

இரண்டும் பொறுமைதான். ஓக்லஹோமா கையில் இருந்த ஒருவரைச் சுற்றிக் கட்டியபடியே பொறுத்திருந்தது. பிலடெல்பியாவோ, அப்படி ஒருவர் எப்போதாவது வந்து சேர்வார் என்று தோல்விகளை அடுக்கியபடி பொறுத்திருந்தது. உங்கள் அணி இவற்றில் எந்த வகை என்று பாருங்கள். உங்கள் இளம் வீரர்களில் யாராவது ஒருவர், எதிரணி இரண்டு பேரை அனுப்பித் தடுக்க வேண்டிய அளவுக்கு வளர்ந்திருக்கிறாரா? யாருமே அப்படி இல்லை, நான்காவது சீசனுக்கும் அதே பேச்சுத்தான் என்றால், அது இலவு காத்த கிளியின் காத்திருப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிராஃப்டின் முதல் சுற்றில் வரும் வீரரின் தொடக்க ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். சம்பளமும் விதிப்படி குறைவாகவே வரையறுக்கப்பட்டது. ஐந்தாம் ஆண்டிலிருந்து, அவர் நட்சத்திரமாகிவிட்டால், அணியின் சம்பள வரம்பில் கால் பங்கோ அதற்கு மேலுமோ அவர் ஒருவருக்கே போய்விடும். ஆகவே பொறுமைக்கும் கெடு உண்டு. இளம் வீரர்களின் சம்பளம் குறைவாக இருக்கும்போதே அவர்களைச் சுற்றிக் கட்டி முடிக்காத நிர்வாகம், பொறுமையின் பெயரால் காலத்தை வீணடித்ததாகத்தான் பொருள்.

கேள்வி: எப்படியும் கோப்பை இல்லை என்று தெரிந்துவிட்டால், வேண்டுமென்றே தோற்று டிராஃப்டில் முதலிடம் வாங்குவது புத்திசாலித்தனம் இல்லையா?

பதில்: கணக்கே அதற்கு எதிராக இருக்கிறது. முன்பு கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதமாக இருந்தது. இந்தத் தந்திரத்தைக் கட்டுப்படுத்தவே 2019-இல், தேர்வு வரிசையைக் குலுக்கலில் முடிவுசெய்யும் லாட்டரி முறையை மாற்றி, கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீதம் என்று ஆக்கினார்கள். அந்த முறையில் கடைசி இடத்து அணி ஐந்தாவது தேர்வு வரைகூடச் சரியலாம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்கு நடந்ததும் அதுதான்: 2023-இலும் 2024-இலும் லீகிலேயே மோசமான வெற்றி-தோல்விக் கணக்குடன் நின்ற அந்த அணிக்கு இரண்டு முறையும் ஐந்தாவது தேர்வே கிடைத்தது. 2025-இல் 1.8 சதவீத வாய்ப்பே இருந்த டல்லாஸ் முதலிடத்தைப் பெற்றது. மாறாக, லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்ற யானிஸ் அன்டெட்டோகுன்போ 15-ஆம் இடத்தில் வந்தவர். அதே விருதை வென்ற நிக்கோலா யோகிச் 41-ஆம் இடத்தில் வந்தவர்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. தோல்விக்குப் பழகிய உடைமாற்றும் அறையில் இருபது வயது இளைஞன் தற்காப்பைக் கற்பதில்லை. இறுக்கமான ஆட்டத்தின் கடைசி மூன்று நிமிடங்களில் பந்தை யாரிடம் தர வேண்டும் என்பதையும் கற்பதில்லை. அந்த நிமிடங்களை ஆடித்தான் கற்க முடியும். மூன்றாம் காற்பகுதியிலேயே 25 புள்ளி பின்தங்கிவிடும் அணிக்கு அந்த நிமிடங்கள் வாய்ப்பதே இல்லை.

கேள்வி: அப்படியென்றால் எதிர்கால உரிமைகளையெல்லாம் கொடுத்து ஒரு பெரிய நட்சத்திரத்தை இப்போதே வாங்கிவிடுவதுதானே நேர்மையான வழி?

பதில்: சில சமயம் ஆம். 2018-இல் டொராண்டோ, ரசிகர்களின் செல்லப்பிள்ளையான டிமார் டிரோசனைக் கொடுத்துக் கவாய் லெனர்டை வாங்கியது. அவர் ஒரே சீசன் இருந்தார்; 2019 கோப்பை வந்தது; அவர் போய்விட்டார். அந்த பேரத்தில் யாரும் குறை காண முடியாது. அது பலித்ததற்குக் காரணம், லெனர்ட் வந்தபோது கைல் லவ்ரி, பாஸ்கல் சியாக்கம், ஃபிரெட் வான்வ்லீட் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள் என்பதுதான். வென்றுகொண்டிருந்த அந்த அணிக்குக் குறையாக இருந்தது ஒரே ஒரு வீரர்தான். அந்த ஒருவருக்குத்தான் அவர்கள் விலை கொடுத்தார்கள்.

ஃபீனிக்ஸ் 2023 பிப்ரவரியில் கெவின் டுராண்டுக்காக மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் என்ற இரண்டு நல்ல வீரர்களையும் நான்கு முதல் சுற்று உரிமைகளையும் கொடுத்தது. சில மாதங்களில் பெருஞ்சம்பளக்காரரான பிராட்லி பீலையும் சேர்த்தது. அதே ஆண்டு வந்த புதிய ஒப்பந்த விதிகள், சம்பளச் செலவில் ஓர் எல்லையைத் தாண்டிய அணிகளின் கையைக் கட்டிப்போட்டன: இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்குவதுகூட அவற்றுக்கு முடியாமல் போனது. ஏற்கெனவே இருந்த டெவின் புக்கரோடு சேர்த்து மூன்று நட்சத்திரங்கள் இருந்தும் 2024-25-இல் 36 வெற்றி, 46 தோல்வி, பிளே-ஆஃபுக்கே போகவில்லை. டுராண்டும் ஹூஸ்டனுக்குப் போனார்.

புரூக்ளினின் கதை இதைவிடக் கசப்பானது. 2013-இல் வயதேறிய கெவின் கார்னெட்டையும் பால் பியர்சையும் வாங்க, 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் 2017-இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டனுக்கு எழுதிக் கொடுத்தது. 2016-17-இல் புரூக்ளின் லீகிலேயே மோசமான அணியானபோது, அந்தத் தோல்விகளின் பலனும் பாஸ்டனுக்கே போயிற்று. ஜேலன் பிரவுனும் டேட்டமும் பாஸ்டனுக்கு வந்த வழி அதுதான். 2024 கோப்பையை அவர்கள் இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

கேள்வி: மூத்த வீரர்களைச் சேர்த்தால் இளைஞர்களின் ஆட்ட நேரம் குறைந்து, அவர்களின் வளர்ச்சி தடைபடாதா?

பதில்: அளவோடு சேர்த்தால் தடைபடாது, பல அணிகளில் வளர்ச்சியே அப்போதுதான் தொடங்குகிறது. டெட்ராய்ட் 2023-24-இல் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்று, 14 வெற்றிகளோடு சீசனை முடித்தது. அணியின் முதன்மை இளம் வீரரான கேட் கன்னிங்ஹாம் அப்போதும் அங்கேதான் இருந்தார். அடுத்த கோடையில் டோபயாஸ் ஹாரிஸ், மலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் ஆகியோரையும், பயிற்சியாளராக ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபையும் கொண்டுவந்தார்கள். பெரிய நட்சத்திரம் யாரும் வரவில்லை. ஆனால் கன்னிங்ஹாம் வெட்டி நுழைந்து பந்தை வெளியே தள்ளும்போது, மூன்று புள்ளிக் கோட்டில் அதைப் போடத் தெரிந்தவர்கள் நின்றார்கள். 44 வெற்றிகள் கிடைத்தன. 2008-க்குப் பிறகு முதன்முறையாக ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தையும் வென்றார்கள்.

கேள்வி: சாக்ரமெண்டோ அணி இளம் வீரர் ஹாலிபர்ட்டனை வேறு அணிக்கு விட்டது தவறுதானே?

பதில்: ஆம், தவறு என்றே நினைக்கிறேன், ஆனால் அந்த நகரத்தைக் குறைசொல்ல மனம் வரவில்லை. 2006-க்குப் பிறகு பிளே-ஆஃபையே காணாத அணி அது. 2022 பிப்ரவரியில் டைரிஸ் ஹாலிபர்ட்டனைக் கொடுத்து டொமான்டாஸ் சபோனிஸை வாங்கியது. அடுத்த சீசனிலேயே 48 வெற்றிகளுடன் பதினாறு ஆண்டு வறட்சி தீர்ந்தது. அரங்கில் அன்று கண்ணீர் விட்டவர்களிடம் போய், இருபத்தொரு வயதுப் பையனுக்காக இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று என்னால் சொல்ல முடியாது. ஆயினும் முதல் சுற்றிலேயே அந்த அணி தோற்றது. ஹாலிபர்ட்டனைப் பெற்ற இந்தியானாவோ, அவரோடு சேர்ந்து ஆடச் சியாக்கமை மூன்று முதல் சுற்று உரிமைகள் கொடுத்து வாங்கி, 2025 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை சென்றது.